பள்ளி வாசலின் அதிகாரம்: நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளில் காவல் வளர்ந்த வரலாறு

காலையில் பள்ளிக்குள் நுழையும் மாணவரை வாசலில் எதிர்கொள்பவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்கு நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகள் கடந்த எழுபது ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பள்ளிகளில் வாசலில் நின்றவர் ஆசிரியர்; அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து கல்வி வாரியத்திடம் சம்பளம் பெற்ற காவலர்; 1998இன் இறுதி முதல் நகரக் காவல்துறையின் சீருடை அணிந்த பணியாளர். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் மாணவரின் உயிரைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு மாற்றத்தோடும் பள்ளிக்கும் மாணவருக்கும் இடையிலிருந்த உறவின் தன்மை சிறிது சிறிதாக மாறியது என்பதும், அந்த உறவே பாதுகாப்பின் ஓர் உறுப்பு என்பது மிகவும் பிந்தியே உணரப்பட்டது என்பதும் இந்நகரின் கல்வி வரலாற்றைப் படிப்பவருக்குப் புலப்படும்.

அந்த உறவைக் குறிக்கக் கல்வி உளவியலில் ஒரு கருத்தாக்கம் உண்டு. ஒரு மாணவர் தாம் பள்ளியில் ஏற்கப்படுகிறார், மதிக்கப்படுகிறார், தமக்கு அங்கே இடமுண்டு, தாம் இல்லாவிட்டால் அது கவனிக்கப்படும் என்று உணரும் நிலையை அது சுட்டுகிறது. பேச்சு வழக்கில் ‘பள்ளியோடு ஒட்டுதல்’ என்று சொல்வதற்கு இது மிகவும் நெருங்கியது என்பதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகிறது. 1993இல் கேரல் குட்நவ் என்னும் ஆய்வாளர் இந்த உணர்வை அளப்பதற்குப் பதினெட்டுக் கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 12,000 வளரிளம் பருவத்தினரிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு மைக்கேல் ரெஸ்னிக்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய ஆய்வு, பள்ளியோடு ஒட்டுதல் மிகுந்தவர்களிடம் மன அழுத்தமும் வன்முறையும் போதைப் பழக்கமும் குறைந்திருந்ததைக் காட்டியது. நியூயார்க் பள்ளிகளில் ஆயுதம் தேடும் மெட்டல் டிடெக்டர் சோதனை தொடங்கிப் பத்தாண்டுகள் ஆகும் தறுவாயில் இந்த அறிவு அச்சில் வந்தது. ஆனால் பாதுகாப்பைத் திட்டமிட்டவர்களின் மேசைக்கு அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் அடுத்த சில ஆண்டுகளின் முடிவுகளில் தென்படவில்லை.

பள்ளிக்குள் காவலரை நிறுத்தலாமா என்ற விவாதம் இந்நகரில் 1957இலேயே மூண்டது. புரூக்ளின் பகுதியில் நீதிபதி சாமுவேல் லைபோவிட்ஸின் மேற்பார்வையில் இயங்கிய ‘கிராண்ட் ஜூரி’, அதாவது குற்றச்சாட்டுகளுக்கு முகாந்திரம் உண்டா என்று விசாரிக்கும் குடிமக்கள் குழு, பள்ளிகளில் ஒழுங்கு குலைந்துவிட்டதாகக் கூறி, ஒவ்வொரு பள்ளியிலும் தாழ்வாரங்களையும் படிக்கட்டுகளையும் சுற்றிவர ஒரு காவலரை அமர்த்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போதைய கல்விக் கண்காணிப்பாளர் வில்லியம் ஜான்சென் அதை நினைத்தும் பார்க்க முடியாத யோசனை என்று தள்ளினார். பள்ளி என்பது ஆசிரியரின் ஆட்சிக்குட்பட்ட இடம், காவல்துறையின் வேலை தெருவோடு நிற்கவேண்டும் என்பது அன்றைய கல்வியாளர்கள் பெரும்பாலோரின் உறுதியான எண்ணமாக இருந்தது. ஆனால் விசாரணையின் அழுத்தம் குறையவில்லை. 1958 ஜனவரியில், அந்த விசாரணையின் கவனத்துக்கு உள்ளான ஒரு புரூக்ளின் பள்ளியின் முதல்வர் தற்கொலை செய்துகொண்டதும் செய்தி நாடெங்கும் பரவியது. வாரியம் நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்து தன் கண்டிப்பைக் காட்டிக்கொண்டது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்களை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப் படையினர் அனுப்பப்பட்டு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. இனப்பிரிவினையை ஆதரித்த தென்மாநில அரசியலாளர்கள் புரூக்ளினைச் சுட்டிக்காட்டி மகிழ்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், ‘பள்ளி ஒழுங்கு’ என்ற பேச்சு தொடக்கத்திலிருந்தே இனத்தைப் பற்றிய பேச்சாகவும் இருந்தது தெளிவாகும்.

காவலரை மறுத்த அந்த உறுதி பத்து ஆண்டுகளே தாங்கியது. இடையில் நடந்தவை பாதுகாப்பு வரலாற்றில் வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் சேர்க்கப்பட வேண்டியவை. 1964 பிப்ரவரி 3 அன்று, பள்ளிகளில் நீடித்த இனப்பிரிவினையை எதிர்த்து பேயார்ட் ரஸ்டின் ஒருங்கிணைத்த புறக்கணிப்பில் 4,60,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புக்கு வரவில்லை. பள்ளியில் தங்களுக்குச் சமமான இடம் இல்லை என்பதை அத்தனை பேர் ஒரே நாளில் வெளியே நின்று அறிவித்தது அந்நாட்டின் குடியுரிமைப் போராட்டத்திலேயே மிகப் பெரிய நிகழ்வுகளுள் ஒன்று. நகரம் அதற்கு உருப்படியான விடை எதுவும் தரவில்லை. 1967இல் ஆசிரியர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், வகுப்பைக் குலைக்கும் மாணவரை வெளியேற்றும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும் என்பதும் ஒன்று. மறு ஆண்டு ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் பகுதியில், தங்கள் பள்ளிகளைத் தாங்களே நிர்வகிக்க விரும்பிய கறுப்பினப் பெற்றோருக்கும் பெரும்பாலும் வெள்ளையரைக் கொண்ட சங்கத்துக்கும் மூண்ட மோதல், மொத்தம் 36 பள்ளி நாள்களை விழுங்கிய வேலைநிறுத்தங்களில் முடிந்தது. ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரையொருவர் நம்பாத அந்தச் சூழலில்தான் பள்ளித் தாழ்வாரங்களுக்கு முதன்முதலாகச் சம்பளக் காவலர்கள் வந்தார்கள். நம்பிக்கை உடைந்த இடத்தை அடைக்கவே காவல் வந்தது என்று சொல்வது மிகையாகாது.

1970கள் முழுவதும் இந்தக் காவலர்கள் கல்வி வாரியத்தின் ஊழியர்களாகவே இருந்தார்கள். முதல்வரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். 1975இன் நிதி நெருக்கடியில் நகரம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்கியபோது வகுப்புகள் பெருத்தன, ஆலோசகர்கள் அருகினர், பெரியவரின் கண் படாத மூலைகள் பள்ளிக்குள் பெருகின. அடுத்த பத்தாண்டில் ‘கிராக்’ எனப்படும் மலிவான கொக்கெயின் தெருக்களுக்கு வந்து, அதன் வியாபாரத்தோடு கைத்துப்பாக்கியும் வந்தது. நகரத்தில் 1990ஆம் ஆண்டு மட்டும் 2,245 கொலைகள் நடந்தன. அந்நாளின் பெற்றோர் கொண்ட அச்சம் கற்பனையன்று என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றை எழுத முடியாது.

இந்த அச்சத்தின் நடுவே, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு வழக்கு சட்டத்தின் கதவைத் திறந்துவிட்டது. 1980இல் பிஸ்காட்டவே நகர உயர்நிலைப் பள்ளியில் கழிப்பறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட பதினான்கு வயது மாணவி தாம் புகைப்பதே இல்லை என்று மறுத்ததும், துணை முதல்வர் அவருடைய கைப்பையைத் திறந்து பார்த்தார். சிகரெட்டுக்குக் கீழே சுருட்டுத்தாள் இருந்தது, அதைக் கண்டு மேலும் துழாவியபோது கஞ்சாவும், பணம் தரவேண்டியவர்களின் பட்டியலும் கிடைத்தன. 1985இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், மாணவருக்கும் தனியுரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஆனால் காவல்துறை ஒரு குடிமகனைச் சோதிக்கத் தேவைப்படும் வலுவான காரணம் பள்ளி அலுவலருக்குத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நினைத்துப் பார்த்த பள்ளி அலுவலர் ஓர் ஆசிரியரே. பிள்ளையை அறிந்தவர், அதன் நன்மையில் அக்கறை உள்ளவர் என்பதே அந்தச் சலுகைக்கு நியாயமாக இருந்தது. சோதிப்பவர் காவல்துறையின் ஆளாக மாறினால் அந்தச் சலுகை எங்கே நிற்கும் என்ற கேள்வியை அன்று நீதிமன்றம் திறந்தே விட்டுவிட்டது.

1988இல் நியூயார்க் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் மெட்டல் டிடெக்டர் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது. கையில் பிடிக்கும் கருவிகளோடு ஒரு குழு முன்னறிவிப்பில்லாமல் ஒவ்வொரு பள்ளியாகச் சுழன்று வந்தது. 1992 பிப்ரவரி 26 அன்று புரூக்ளினின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளிக்கு மேயர் டேவிட் டின்கின்ஸ் வருவதற்குச் சற்று முன்னால், தாழ்வாரத்தில் பதினைந்து வயது மாணவர் ஒருவர் சக மாணவர் இருவரைச் சுட்டுக்கொன்றார். அதன்பின் சோதனை பல பள்ளிகளுக்கு விரிந்தது, எப்போதாவது நடந்தது அன்றாடமானது. அதே ஆண்டு, மன்ஹாட்டனின் வாஷிங்டன் இர்விங் உயர்நிலைப் பள்ளியில் சோதனையின்போது கத்தியோடு பிடிபட்ட மாணவி தொடர்பான வழக்கில் நகரக் குற்றவியல் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் சரியென்றது. யாரைச் சோதிப்பது என்பதைச் சோதிப்பவரின் விருப்பத்துக்கு விடாமல் எல்லோரையும், அல்லது வரிசையில் இத்தனையாவது ஆள் என்ற கணக்குப்படி சோதிப்பதால், விமான நிலையத்திலும் நீதிமன்ற வாசலிலும் நடப்பதைப் போன்ற நிர்வாகச் சோதனையே இது, தனிப்பட்ட சந்தேகம் தேவையில்லை என்பது அந்நீதிமன்றத்தின் வாதம். ஒரு பள்ளிக்குள் எல்லோரும் சமமாகச் சோதிக்கப்படுகிறார்கள் என்பது உண்மை. எந்தப் பள்ளிகளில் சோதனை நடக்கிறது என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை.

பள்ளிக் காவலின் பெருக்கத்துக்குக் கூட்டத் துப்பாக்கிச் சூடுகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்நகரைப் பொறுத்தவரை பொருந்தாது. கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் 1999இல் நடந்த கொலைகளுக்குப் பிறகு, கூட்டரசு ஆறு ஆண்டுகளில் 6,500க்கும் மேற்பட்ட பள்ளிக் காவலர் பணியிடங்களுக்கு நிதி தந்து நாடெங்கும் இந்த வழக்கத்தைப் பரப்பியது மெய்தான். அந்தப் பள்ளியிலேயே ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் அன்று பணியில் இருந்தார், உணவுக்கூடத்தில் கேமரா இருந்தது என்பவை அந்த நிதி ஒதுக்கீட்டின்போது அதிகம் பேசப்படவில்லை. நியூயார்க்கின் வாசல்களோ அதற்கு முன்பே மாறிவிட்டிருந்தன.

அந்த மாற்றம் பள்ளிக்குள் என்ன செய்தது என்பதை மிகக் கூர்மையாகக் கண்டவர் ஜான் டிவைன் என்னும் மானுடவியலாளர். நியூயார்க் பல்கலைக்கழகம் நகரின் பின்தங்கிய உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய பயிற்றுதவித் திட்டத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்திய அவர், 1996இல் வெளியிட்ட நூலில் ஒரு வேலைப்பிரிவினையைச் சுட்டிக்காட்டினார். காவலர் தாழ்வாரத்தை எடுத்துக்கொண்டதும் ஆசிரியர் அங்கிருந்து விலகினார். வகுப்பறைக் கதவுக்கு உள்ளே நடப்பது தம் வேலை, வெளியே நடப்பது காவலரின் வேலை என்று ஆயிற்று. மாணவரின் அறிவு ஆசிரியருக்கு, உடல் காவலருக்கு என்று பங்கு பிரிந்தது. தொப்பியைக் கழற்றச் சொல்வது, ஏன் இந்த நேரத்தில் வெளியே நிற்கிறாய் என்று கேட்பது, முகம் வாடியிருப்பதைக் கவனித்து விசாரிப்பது ஆகியவை ஒரு காலத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நாளெல்லாம் நடந்த சிறு பேச்சுகள். அவற்றில் கண்டிப்பும் இருந்தது, பரிவும் இருந்தது. அவை நின்றுபோனபோது கண்டிப்பு காவலரிடம் போயிற்று, பரிவு யாரிடமும் போகவில்லை. டிவைனின் கணிப்பில் இப்பள்ளிகளின் குறை கண்காணிப்பு மிகுந்துபோனதன்று; மாணவரைப் பார்க்கவேண்டிய பெரியவர் பார்வையை விலக்கிக்கொண்டதே. பள்ளியைச் சிறைக்கு ஒப்பிட்டுக் கண்டிக்கும் எத்தனையோ எழுத்துகளைவிட இந்த அவதானிப்பு ஆழமானது. ஏனெனில் கருவியை அகற்றிவிட்டால் மட்டும் தீராத ஒன்றை அது கண்டுகொண்டது.

அந்நூல் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நகரம் எதிர்த்திசையில் மேலும் ஓர் அடி வைத்தது. மேயர் ருடால்ஃப் ஜூலியானியின் நெடுநாள் வற்புறுத்தலுக்கு இணங்கிய கல்வி வாரியம், 1998 செப்டம்பரில் பள்ளிப் பாதுகாப்பை நகரக் காவல்துறையிடம் ஒப்படைக்க வாக்களித்தது. அவ்வாண்டின் இறுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் துறை மாறினார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. பாஸ்டன் நகரத்தின் முழுக் காவல்துறையையும்விட இது பெரிய படை. இவர்களிடம் துப்பாக்கி கிடையாது. ஆனால் காவல்துறையின் சீருடையும் விலங்கும் கைதுசெய்யும் அதிகாரமும் உண்டு. நகரத்தில் கொலைகள் 1990இன் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்ட ஆண்டில் இம்மாற்றம் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பள்ளிக் காவல் வரலாற்றில் 1988இன் கருவியைத் திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். 1998இன் ஒப்படைப்பே திருப்புமுனை என்று கொள்வது பொருத்தமாகும். அதுவரை வாசலில் நின்றவர் தவறு செய்தால் மாணவர் முதல்வரிடம் முறையிடலாம், முதல்வர் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அதற்குப் பிறகு, தம் கட்டடத்தில் நாள் முழுவதும் நிற்கும் ஒருவர்மீது முதல்வருக்கே அதிகாரமில்லை. புகார் காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவுக்குப் போகவேண்டும். மாணவரைக் கைதுசெய்யும்போது தடுக்க முயன்ற முதல்வர்களும் ஆசிரியர்களுமே கைதான நிகழ்வுகள் அடுத்த பத்தாண்டில் பதிவாயின. தன்னைக் காக்கவேண்டிய ஆசிரியரால் காக்க முடியாது என்று மாணவர் கண்ணெதிரே காண்பதைவிட, அவருடைய ஒட்டுதலை விரைவாக அறுப்பது வேறொன்று இருக்க முடியாது.

2004 ஜனவரியில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், வன்முறை மிகுந்தவை என்று குறித்த பன்னிரண்டு பள்ளிகளில் கூடுதல் காவலர்களைக் குவித்தார். அதே காலத்தில் சோதனை மேலும் சில பள்ளிகளுக்குப் பரவியது. அவற்றுள் ஒன்று பிராங்க்ஸ் பகுதியின் டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளி. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் படித்தது, 1897இல் தொடங்கப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயின்ற அப்பள்ளியில் 2005இல் சோதனை வந்ததும், பையை எக்ஸ்-ரே பட்டையில் வைத்து, இடுப்புவாரைக் கழற்றி, சட்டைப் பையைக் காலிசெய்து, மெட்டல் டிடெக்டர் சட்டகத்தின் வழியே நடந்து, ஒலி எழுந்தால் கைக்கருவிக்கு முன் மீண்டும் நின்று, இப்படி ஒவ்வொருவராக உள்ளே செல்லவேண்டி வந்ததால் வரிசை தெருவுக்கு நீண்டது. மணியடித்த பிறகு வகுப்புக்குப் போனவர்கள் தாமதக்காரர்களாகப் பதிவானார்கள். மதிய உணவுக்கு வெளியே சென்றுவரும் உரிமையும் பறிபோயிற்று, வெளியே போனால் மீண்டும் சோதிக்கவேண்டும் என்பதால். செப்டம்பரில் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி, பல தெருக்கள் நடந்து, கல்வித்துறையின் வட்டார அலுவலகத்துக்குச் சென்று முறையிட்டார்கள். அவர்களுடைய கோரிக்கை ஆயுதத்தை உள்ளே விடு என்பதாக இருக்கவில்லை. தங்களைக் கலந்துகொள்ளாமல் தங்கள் பள்ளியை மாற்றியது ஏன் என்பதே அதன் சாரம். ஒட்டுதல் இல்லாதவர்கள் இப்படிப் போராட மாட்டார்கள், பேசாமல் நின்றுவிடுவார்கள் என்பதை அந்த அலுவலகம் அன்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கைபேசித் தடையின் கதை இதனினும் விசித்திரமானது. பள்ளிக்குள் கைபேசி கூடாது என்ற விதி நகரம் முழுவதற்கும் பொது. ஆனால் சோதனை இல்லாத பள்ளிகளில் மாணவர்கள் அதைப் பைக்குள் வைத்திருப்பதும், வெளியே எடுக்காதவரை ஆசிரியர்கள் கண்டுகொள்ளாமல் விடுவதும் வழக்கமாக இருந்தது. சோதனை உள்ள பள்ளியிலோ கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அந்தப் பள்ளிகளுக்கு வெளியே மட்டும் வேன்கள் வந்து நின்றன. நாளொன்றுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கைபேசியைப் பத்திரப்படுத்தி, மாலையில் சீட்டைக் காட்டினால் திருப்பித் தந்தன. 2015இல் மேயர் பில் டி பிளாசியோ தடையை நீக்கும்வரை, நகரின் மிக ஏழை மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளியின் வாசலில் நாள்தோறும் ஒரு டாலர் கட்டினார்கள், வசதியான பகுதியின் மாணவர்கள் ஒன்றும் கட்டவில்லை. விதி ஒன்று, வாசல் இரண்டு.

எந்த மாணவருக்கு எந்த வாசல் என்பதை 2016இல் புரோபப்ளிகா என்னும் புலனாய்வுச் செய்தி நிறுவனம் கணக்கிட்டது. நகரத்தின் கறுப்பின, ஹிஸ்பானிய உயர்நிலை மாணவர் சோதனைச் சட்டகத்தைக் கடந்து பள்ளிக்குள் செல்லும் வாய்ப்பு, வெள்ளை மாணவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலோ விமான நிலையத்திலோ இதே சட்டகத்தைக் கடந்தவர்கள் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. அங்கே எல்லாத் தரப்பினரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், எப்போதாவது ஒருமுறை நிற்கிறார்கள். பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை ஒவ்வொரு பள்ளி நாளும் நிற்பதும், பக்கத்துப் பகுதியின் பள்ளியில் அப்படி ஒரு வரிசையே இல்லை என்று தெரிந்து நிற்பதும் அதனோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. கேத்லீன் நோலன் பிராங்க்ஸ் பள்ளி ஒன்றில் நீண்டகாலம் தங்கி ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நூல், அங்கே குற்றவியல் நீதிமன்ற அழைப்பாணை வரை சென்ற பல விவகாரங்கள் தொப்பி, அடையாள அட்டை, தாழ்வாரத்தில் நின்றது, எதிர்த்துப் பேசியது போன்ற சில்லறைக் காரியங்களில் தொடங்கியதை விவரிக்கிறது. 2010 பிப்ரவரியில் குவீன்ஸ் பகுதியில் பன்னிரண்டு வயது மாணவி ஒருவர் மேசைமீது அழியக்கூடிய பச்சை மார்க்கரால் தோழிகளின் பெயரை எழுதியதற்காகக் கைவிலங்கிடப்பட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது, நகரமே தலைகுனிந்த செய்தியாயிற்று. தன் பள்ளியில் தனக்கு யார் யார் உறவு என்று அச்சிறுமி எழுதிவைத்ததே குற்றமாகியிருந்தது. மறு ஆண்டு ஜனவரியில் சட்டமான மாணவர் பாதுகாப்புச் சட்டம், பள்ளிகளில் நடக்கும் கைதுகளையும் இடைநீக்கங்களையும் இனவாரியாகப் பொதுமக்களுக்கு அறிவிக்கும்படி நகரத்தைக் கட்டாயப்படுத்தியது. அறிக்கைகள் வரவர, கைதானவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் என்பது ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாயிற்று.

வாசலில் நின்ற பணியாளர்களைக் கொடியவர்களாகக் காட்டுவது இவ்வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். தங்கள் பிள்ளைகளையும் இதே பொதுப்பள்ளிகளுக்கு அனுப்பியவர்கள் பலர். மாணவரின் பெயரறிந்து நலம் விசாரித்தவர்களும், சண்டையைக் கைவிலங்கின்றிப் பேசியே தீர்த்தவர்களும் அவர்களுள் உண்டு. பிற நகரத் துறைகளில் இதே வேலையைச் செய்த, பெரும்பாலும் ஆண்களான காவலர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு என்று அவர்கள் தொடுத்த வழக்கு, 2014இல் 3 கோடியே 80 லட்சம் டாலர் தொகைக்குச் சமரசமாக முடிந்தது. மாணவர்களின் மனநிலையும் ஒருதலையானதன்று. நியூயார்க் இளையோர் 900க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்து மிஷெல் ஃபைனும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தங்களைக் காக்க நிறுத்தப்பட்ட பெரியவர்களையே நம்ப முடியாத நிலை கறுப்பின, ஹிஸ்பானிய இளைஞர்களிடம் மிகுந்திருந்ததைக் காட்டியது; அதே சமூகங்களில்தான் காவலை விலக்கக் கூடாது என்று கோரிய பெற்றோரும் இருந்தார்கள். பிள்ளை உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்ற அச்சத்தை ஆய்வுகளைக் காட்டித் தணிக்க இயலாது.

அந்த அச்சத்துக்கும் ஒட்டுதலுக்கும் உள்ள தொடர்பை எதிர்பாராத ஓர் இடம் உறுதிசெய்தது. குடியரசுத் தலைவரைக் காக்கும் அமெரிக்க இரகசியப் பாதுகாப்புத் துறையும் கூட்டரசுக் கல்வித்துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் திட்டமிட்டு நடத்தப்பட்ட 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கை, ஐந்தில் நான்கு நிகழ்வுகளில் தாக்குதலுக்கு முன்பே குறைந்தது ஒருவருக்கு அதுபற்றித் தெரிந்திருந்ததைக் கண்டது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்களும் சக மாணவர்களும். தாக்கியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாகவோ ஒதுக்கப்பட்டதாகவோ உணர்ந்திருந்தார்கள். அதாவது ஆபத்து பற்றிய முதல் செய்தி எக்ஸ்-ரே பட்டையில் வருவதில்லை. பெரியவரிடம் சொல்லலாம், சொன்னால் நம்புவார்கள், சொன்ன தன்னை மாட்டிவிட மாட்டார்கள் என்று நினைக்கும் ஒரு மாணவரின் வாயில் வருகிறது. 2011இல் பதினைந்து ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, மெட்டல் டிடெக்டர் பள்ளி வன்முறையைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை, பள்ளி பாதுகாப்பானது என்ற மாணவரின் உணர்வை அது குறைக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. அப்படியானால் முதன்மையான எச்சரிக்கை மணியை ஊமையாக்கிவிட்டுத் துணைக்கருவியைப் பொருத்தியதாக ஆகும்.

2017 செப்டம்பரில் பிராங்க்ஸின் சிறிய பள்ளி ஒன்றில், துன்புறுத்தலுக்கு ஆளாகிவந்ததாகச் சொல்லப்பட்ட பதினெட்டு வயது மாணவர் வகுப்பிலேயே சக மாணவர் இருவரைக் கத்தியால் குத்தினார், ஒருவர் இறந்தார். நகரப் பள்ளிக்குள் இருபதாண்டுகளுக்கு மேலாக நடக்காதிருந்த கொலை அது. அங்கே அன்றாடச் சோதனை இல்லை; மறுநாள் காலையே கருவிகள் வந்து இறங்கின. கத்தி உள்ளே வந்ததைக் கருவி தடுத்திருக்கலாம் என்று ஒரு தரப்பும், அம்மாணவரின் துன்பத்தைப் பெரியவர்கள் முன்பே கேட்டிருந்தால் கத்தியே வாங்கப்பட்டிராது என்று மறுதரப்பும் கூறின. இரண்டும் உண்மையே. ஆனால் நகரத்தின் கைவசம் மறுநாளே அனுப்பக்கூடியதாக இருந்தது கருவி மட்டும்தான். ஆலோசகரை அப்படி ஒரே இரவில் அனுப்ப முடியவில்லை என்பது, முப்பது ஆண்டுகளாகப் பணம் எங்கே போயிற்று என்பதற்கு விடையாகும்.

2019 ஜூனில் கல்வித்துறையும் காவல்துறையும் தங்களுக்கு இடையிலான உடன்பாட்டைத் திருத்தி, சிறு குற்றங்களுக்காகப் பள்ளிக்குள் கைதுசெய்வதைக் கட்டுப்படுத்தின. 2020இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாயிட் காவலரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த போராட்டங்களுக்குப் பிறகு மினியாபொலிஸும் ஓக்லாந்தும் பள்ளிகளிலிருந்து காவல்துறையை விலக்கின. நியூயார்க்கும் அவ்வாண்டு நிதிநிலைத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2022 ஜூனுக்குள், பாதுகாப்புப் பணியாளர்களைக் கல்வித்துறைக்கே திருப்பித் தருவதாக அறிவித்தது. பணியாளர்களின் சங்கம் அதை எதிர்த்தது. 2022 ஜனவரியில் பதவியேற்ற மேயர் எரிக் ஆடம்ஸ், தாமே நகரக் காவல்துறையில் கேப்டனாக இருந்தவர், அந்தத் திட்டத்தைத் தொடரவில்லை. குறித்த ஜூன் மாதம் வந்தது, போயிற்று. பணியாளர்கள் காவல்துறையின் சம்பளப் பட்டியலிலேயே நீடித்தார்கள்.